ஹாலேயில் கணக்கு முடித்தல்

ஜெர்மனியில் கோடைப் பருவம் காகிதத்தில் செப்டம்பர் 30 அன்று முடிகிறது. வகுப்புகள் ஜூலையிலேயே முடிந்துவிடும். நடுவில் கிடக்கும் வாரங்களைப் பல்கலைக்கழக நாள்காட்டி விடுமுறை என்று குறிப்பதில்லை; வகுப்பில்லாத காலம் என்றுதான் குறிக்கிறது. தேர்வுகளும், நூலகத்தில் உட்கார்ந்து எழுதித் தீர்க்க வேண்டிய நீண்ட கட்டுரைகளும் அதற்குள்தான் வரும். ஒரே ஒரு பருவத்துக்குப் போய்வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் சேரும். வந்தபோது திறந்த கணக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக மூட வேண்டும். ஒரு நாடு தன்னிடம் வந்துபோகிறவர்களை எப்படி நினைக்கிறது என்பது இந்த மூடும் வேலையில் நன்றாகத் தெரியும்.

நான் போனது ஹாலே. லைப்சிக்கிலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஜெர்மனி என்றால் மியூனிக், பெர்லின் என்று நினைக்கும் நம் மாணவர்களில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பொறையாற்றுக்காரிக்கு அப்படியில்லை. எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி கடற்கரை சைக்கிள் மிதிக்கிற தூரம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் புதிய எருசலேம் ஆலயத்தையும் அதற்குள் இருக்கும் அவருடைய கல்லறையையும் பார்க்காமல் எங்கள் பக்கம் யாரும் பள்ளிப் படிப்பை முடிப்பதில்லை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய அந்த இளைஞர் ஹாலேயில் சிறிது காலம் படித்தவர். அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே வாழ்ந்ததும் ஹாலேயில்தான். 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் செய்யப்பட்டதும் அங்கேதான். எம்.ஏ. வரலாறு படிக்கும் எனக்கு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஹாலேயின் சந்தைச் சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். நான்கு சந்தைத் தேவாலயத்தினுடையவை. ஐந்தாவது, தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். நடுவில் ஹேண்டலுக்குச் சிலை. அந்த இசையமைப்பாளர் 1685இல் பிறந்தது இந்த ஊரில். உப்புக் காய்ச்சி விற்றுப் பணம் பார்த்த பழைய ஊர். இரண்டாம் உலகப் போரில் மற்ற நகரங்கள் அளவுக்கு அடிபடவில்லை என்பதால் பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன.

சாலே ஆற்றைத் தாண்டி மேற்கே போனால் கதை வேறு. லொய்னா, பூனா ரசாயன ஆலைகளின் தொழிலாளர்களுக்காகக் கிழக்கு ஜெர்மனி அரசு 1964இல் அங்கே ஒரு முழு நகரத்தையே கட்டத் தொடங்கியது. ஹாலே-நொய்ஷ்டாட் என்று பெயர். ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து அடுக்கி எழுப்பிய கட்டடங்கள். தெருக்களுக்குப் பெயர் வைக்காமல் கட்டடங்களுக்கு எண் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகே தெருப் பெயர்கள் வந்தன. என் விடுதி அந்தப் பக்கம்தான். பழைய ஊருக்கு ட்ராமில் போவேன். வெயில் அடித்தால் ஆற்றுத் தீவுப் பூங்கா வழியாக நடந்துவிடுவேன்.

வந்த புதிதில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்த ஒரு தாளிலிருந்துதான் மற்றவை முளைக்கும். வங்கிக் கணக்குக்கு அது வேண்டும். வரி எண் தபாலில் தானாக வரும். பொது ஒலிபரப்புக்கான கட்டணச் சீட்டும் தானாக வரும். டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. இது போக, விசாவுக்காகவே பூட்டு போட்ட ஒரு வங்கிக் கணக்கு. நான் போன 2025இல் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ என்று கணக்கு. தங்கும் மாதங்களுக்கு ஏற்ப முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நம் பணத்தை மாதம் 992 யூரோ வீதம் நமக்கே அளந்து கொடுப்பார்கள்.

மூடும்போது வரிசை தலைகீழாகிறது. எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் முதலில் கேட்பது, நகராட்சியில் முகவரியை நீக்கியதற்கான சான்று. அதையோ, கிளம்பும் தேதிக்கு ஒரு வாரம் முன்புதான் வாங்க முடியும். ஆகவே எல்லா வேலையும் கடைசி வாரத்தில் வந்து குவியும். மூத்த மாணவர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு பட்டியலைச் சுற்றில் விட்டிருந்தார்கள். நாடு முழுக்கச் செல்லும் மாத ரயில் டிக்கெட் வைத்திருந்தால் 10ஆம் தேதிக்குள் ரத்து செய். தவறினால் அடுத்த மாதத்துக்கும் 2025 விலைப்படி 58 யூரோ போகும். விடுதி அட்வான்ஸ் வந்து விழும்வரை வங்கிக் கணக்கை மூடாதே. வங்கிக் கணக்கு இருக்கும்வரை ஜெர்மன் சிம்மை நிறுத்தாதே, ஓடிபி வராது. பட்டியலின் கடைசி வரி பெரிய எழுத்தில்: எந்தத் தாளையும் கிழித்துப் போடாதே.

முதலில் மூடியது படிப்புக் கணக்கு. அங்கே ஒரு பருவத்துக்கு வழக்கமாக 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று ஐரோப்பா முழுவதும் ஒரே கணக்கு. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் கொஞ்சம்தான். மீதி, நாமாகப் படித்து எழுதுவது. மதிப்பெண் முறை நமக்கு நேர் எதிர். 1.0 என்றால் மிகச் சிறப்பு. 4.0 வரை தேர்ச்சி. அதற்கு மேல் போனால் போச்சு. என் மதிப்பெண் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியதும் எங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"என்னம்மா, 1.7தான் வாங்கியிருக்க?"

"சார், அது நல்ல மார்க்கு சார்."

"பத்துக்கா, நூத்துக்கா?"

விளக்கினேன். ஒரு கடிதமாக எழுதி, பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வரச் சொன்னார். வெளிநாட்டு அலுவலகத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்டபோது அங்கிருந்த அம்மையார் அலட்டிக்கொள்ளாமல் இழுப்பறையைத் திறந்து, தயாராக இருந்த ஒரு படிவத்தை எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்கு முன்னால் எத்தனையோ கல்லூரி அலுவலகங்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன என்று புரிந்தது.

பருவக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது மலபார் கடிதங்கள். சீகன்பால்குவும் உடன் பணியாற்றிய கிருண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி வட்டாரத்துத் தமிழர்களிடம் கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கினார்கள். கடவுள், கல்யாணம், திருவிழா, மருத்துவம், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றைப் பற்றியும் பதில்கள். ஐரோப்பியர்களைத் தமிழர்கள் ஏன் மதிப்பதில்லை என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது: மாட்டைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை. ஐரோப்பியரின் முகத்துக்கு நேரே நம் ஊர்க்காரர்கள் வைத்த விமர்சனம் இது. இப்படி 99 கடிதங்கள் ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஹாலேயிலிருந்து வெளியான மிஷன் அறிக்கைகளில் அச்சாகின. பழைய கோணல்மாணலான ஜெர்மன் அச்செழுத்தில் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிப்பதில் என் கோடை கரைந்தது. தேங்காய், ஓலை, தேர் என்று பழகிய உலகம் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் தெரியும். யார் எழுதினார்கள் என்பது மட்டும் தெரியாது. அச்சில் எழுதியவர்களின் பெயர் இல்லை.

கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டு நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு சீட்டு வந்தது. முதல் கணக்கு முடிந்தது.

ஆகஸ்ட் கடைசி வார இறுதியில் சாலே ஆற்றில் விளக்குத் திருவிழா. கீபிக்கன்ஸ்டைன் கோட்டைக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஊரே கூடிவிடும். உப்புத் தொழிலாளர் சங்கத்தின் வழிவந்தவர்கள் படகில் நின்று நீண்ட கழியால் எதிர்ப் படகுக்காரரை ஆற்றில் தள்ளுவார்கள். இருட்டியதும் விளக்கு கட்டிய படகுகள் வரிசையாக வரும், பிறகு வாணவேடிக்கை. பெருங்கூட்டம், பொரித்த மீன் வாசனை, தொலைந்துபோன பிள்ளையைத் தேடும் ஒலிபெருக்கி. ஜெர்மானியர்கள் அமைதிப் பிரியர்கள் என்ற எண்ணத்தை அந்த ஒரு ராத்திரி போக்கிவிடும். மறுநாள் ஞாயிறு, வழக்கம்போல எல்லாக் கடைகளும் மூடியிருந்தன.

செப்டம்பர் பிறந்ததும் அறையைக் காலி செய்யும் வேலை. கிளம்புகிற மாணவர்கள் பொருள்களை விற்பதில்லை, பெரும்பாலும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தெருவோரத்தில் ஒரு அட்டைப்பெட்டி, எடுத்துக்கொள்ளலாம் என்று மேலே எழுதிய தாள், உள்ளே தட்டு, கோப்பை, தொப்பி, பாதி எரிந்த மெழுகுவத்தி. நான் பயன்படுத்திய மேசை விளக்கும் அப்படி வந்ததுதான். அதன் அடித்தட்டில் டேப் ஒட்டி ஒவ்வொருவரும் பெயரும் வருடமும் எழுதியிருந்தார்கள். ஒரு பெயர் சீன எழுத்தில் இருந்தது, ஒன்று அரபியில், இரண்டு லத்தீன் எழுத்தில். நான் தமிழில் எழுதினேன். டேப் சுருண்டு உரிந்துவிடாமலிருக்க ஓரத்தில் பசை தடவினேன்.

குக்கர் வேறு விஷயம். அது பொறையாற்றிலிருந்து என் பெட்டியில் வந்தது. முதல் விசில் அடித்த அன்று பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கவலையோடு கேட்டாள். பிறகு அவளே சாம்பாருக்காக வியாழக்கிழமைகளில் தட்டு எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். பெட்டிக்கு 23 கிலோதான் வரம்பு. புத்தகமா குக்கரா என்று வந்தபோது புத்தகம் ஜெயித்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அங்கயே குடுத்துட்டு வரியா? நான் பாத்துப் பாத்து வாங்குனது புள்ள அது."

"இங்க ஒரு பையன் வந்திருக்கான்மா. புதுசா. கடைச் சாப்பாடே சாப்பிடுறான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, வெயிட்டையும் மறக்காம குடு. அது இல்லாம என்ன பண்ணுவான்."

குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது என்பதால் போகிறவர்களும் வருகிறவர்களும் செப்டம்பர் கடைசியில் ஒரே படிக்கட்டில் மோதிக்கொள்வார்கள். அந்தப் பையனுக்குக் கோயம்புத்தூர். அறைக்குள் வந்து குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எவ்ளோ தரட்டுங்க்கா?"

"காசெல்லாம் வேண்டாம் தம்பி."

"காஸ்கட் போச்சுன்னா இங்க கிடைக்குமாங்க்கா?"

இதுவரை போகவில்லை என்றேன். லைப்சிக்கில் ஒரு இந்திய மளிகைக் கடை இருப்பதையும், உளுந்து எந்த அலமாரியில் இருக்கும் என்பதையும் சொன்னேன். போனில் குறித்துக்கொண்டான். இப்படிப்பட்ட கைமாற்றலுக்கு மட்டும் ரசீது கிடையாது.

குப்பை போடுவதும் அங்கே ஒரு படிப்புதான். காகிதம் நீலத் தொட்டி, காய்கறிக் கழிவு பழுப்பு, பிளாஸ்டிக் உறைகள் மஞ்சள், மீதி கறுப்பு. கண்ணாடி பாட்டில்களில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தனித்தனி. அதையும் ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் போட்டால் சத்தம் என்று அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். டெபாசிட் பாட்டில்கள் இதில் சேராது. ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாக நுழைத்தால் உள்ளே சுழற்றிப் பார்த்துவிட்டுத் தொகைச் சீட்டைத் துப்பும். எங்கள் தளத்தில் சமையலறை மூலையில் சேர்ந்து கிடந்ததையெல்லாம் இரண்டு பெரிய பைகளில் கட்டிக் கொண்டுபோனோம். கிடைத்த பணத்தில் விருந்து வைத்தோம். ஹாலேயில் பார்த்திருக்கிறேன், பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் வீசாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். பொறுக்கி விற்றுப் பிழைக்கிற முதியவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்று. சட்டத்தில் இல்லாத அந்தப் பழக்கத்தை எல்லோரும் மதிக்கிறார்கள்.

அறையை ஒப்படைக்கும் நாள் வந்தது. முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜை அணைத்து உறைபனியை இளக வைத்து, துணி போட்டுத் துடைத்தாகிவிட்டது. குளியலறைக் குழாய்களில் உப்புநீர் படிந்த வெள்ளைக் கறைக்கு அடர்த்தியான வினிகர். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்குப் பசைச் சுண்ணாம்பு. விடுதிப் பராமரிப்பாளர் சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். அறுபதை ஒட்டிய மனிதர், காதில் பென்சில். கையில் இருந்தது, நான் குடிவந்த அன்று நிரப்பிய அதே படிவம். ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே போனார். ஜன்னல் கைப்பிடி சரி. அலமாரிக் கதவு சரி. கதவு நிலைக்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தார். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். மேசைக்கு வந்தபோது வலது மூலையில் வட்டமாக ஒரு காபிக் கறை. என் வயிற்றில் புளி கரைத்தது. அவர் படிவத்தில் தேடினார். குடிவந்த அன்று அந்தக் கறையின் இடமும் அளவும்கூட அதில் எழுதப்பட்டிருந்தன. "இது உங்களுடையது இல்லை" என்றார். கையெழுத்து வாங்கினார், சாவிகளை எண்ணினார், நகல் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அந்தத் தாளை ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது எனக்கு வந்து விழக்கூடாது என்பதற்காக யாரோ குனிந்து ஒரு காபிக் கறையை அளந்திருக்கிறார்கள். நம்மை நம்பாததால் இப்படி எழுதுகிறார்களோ என்று முதலில் தோன்றும். யாரும் யாரையும் நம்பித் தொங்க வேண்டியதில்லை என்பதற்காக எழுதுகிறார்கள் என்பது கிளம்பும்போது புரியும்.

நகராட்சி அலுவலகத்தில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. எண் திரையில் வந்ததும் உள்ளே போனேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து, புதிய முகவரி எந்த நாட்டில் என்று கேட்டார்கள். பொறையாறு என்பதை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பிரிண்டரிலிருந்து ஒரு தாள் வந்தது. மேசையிலிருந்த பெண் எழுந்து நின்று கைகொடுத்து, எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்றார். ஊரில் இல்லை என்று ஊரே எழுதிக் கொடுத்த பிறகும் இன்னும் சில நாள் அங்கேயே நடமாடியது வேடிக்கையான அனுபவம். ட்ராமில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தால்கூட ஒரு கூச்சம்.

அந்த மிச்ச நாள்களைப் பார்க்க விட்டுப்போன இடங்களுக்கு வைத்திருந்தேன். பழைய ஊரின் ஓரத்தில் நகரக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1557இல் கட்டத் தொடங்கியது. இத்தாலியப் பாணியில், நான்கு பக்கமும் சுற்றி 94 வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கு அடியிலும் ஒரு குடும்பம். ஃபிராங்கே இங்கேதான் புதைக்கப்பட்டார். அவர் 1698இல் அடிக்கல் நாட்டிய அனாதை விடுதி, பள்ளி, மருந்தகம், அச்சகம், நூலகம் என்று வளர்ந்து, நகரத்துக்குள் ஒரு நகரமாக இன்றும் நிற்கிறது. மரச்சட்டங்களுக்கு இடையே சுவர் எழுப்பிய அதன் நீண்ட கட்டடத்தை முழுதாக ஒரே படத்தில் எடுக்க முடியாது; நானும் முயன்று பார்த்தேன்.

அனாதை விடுதியின் கூரைக்கு அடியில் அதிசயப் பொருள்களின் அறை. உத்தரத்திலிருந்து ஒரு பதப்படுத்திய முதலை தொங்குகிறது. ஓவியம் தீட்டிய அலமாரிகளில் சங்கு, கல், பல தேசத்துப் பொருள்கள். தரங்கம்பாடிப் பாதிரிகள் அனுப்பியவையும் அவற்றில் உண்டு. உலகம் எப்படி இருக்கும் என்று அனாதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இவற்றைச் சேர்த்தார்கள். தமிழ் ஓலைச்சுவடிகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பூச்சியும் புழுக்கமும் அரித்துப் போட்ட எத்தனையோ சுவடிகளின் கதை தெரிந்த ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்தக் காப்பகத்தின் மேல் நன்றியும் பொறாமையும் ஒன்றாகத்தான் வந்தன.

காப்பதும் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதும் அங்கேதான் தெரிந்தது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்து ஹாலேக்கு அனுப்பிய பெரிய நூலை ஃபிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் கட்சி. 154 வருடம் கழித்து, 1867இல்தான் அது அச்சேறியது. அதுவும் ஹாலேயில் அல்ல, சென்னையில்.

இந்த வளாகத்தில் என்னை நிறுத்தி வைத்த பெயர் மலையப்பன். தரங்கம்பாடி இளைஞர். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது உடன் வந்து, 1715இல் ஹாலே சேர்ந்தார். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் அந்தப் பயணத்தில்தான் உருவானது. உச்சரிப்புக்கும் சந்தேகத்துக்கும் கூடவே ஒரு தமிழர் இருந்தார். நூல் 1716இல் ஹாலேயில் அச்சாகி வந்தது. தலைப்புப் பக்கத்தில் சீகன்பால்குவின் பெயர் இருக்கிறது. மலையப்பன் ஊர் திரும்பி மிஷன் பணியில் இருந்துவிட்டார். இந்தக் குளிரில் என்ன உடுத்தினார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார், கிளம்பும்போது யாருக்கு என்ன கொடுத்துவிட்டு வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைதான். எங்கள் கரையிலிருந்து இங்கே தங்கிப் போன ஒரு மாணவர் என்று அவரை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். மாணவர் என்று அவரைக் குறித்திருக்க மாட்டார்கள். சொல்லிக் கொடுத்தவர் அவர்.

கிளம்பும் நாள் காலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஹாலோரன் சாக்லேட் வாங்கினேன். 1804இல் தொடங்கிய ஆலை. ஜெர்மனியில் இன்றும் நடப்பவற்றில் மிகப் பழைய சாக்லேட் ஆலை அதுதான். உப்புத் தொழிலாளர்களின் விழாச் சட்டையில் இருக்கும் உருண்டைப் பொத்தான் வடிவத்தில் செய்வது அவர்களுடைய பெயர்பெற்ற மிட்டாய். சென்னை விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஊர் வந்து சேருவதற்குள் பொத்தான்கள் இளகி ஒரே கட்டியாகிவிட்டன. அம்மா கத்தியால் வெட்டித் தெருவுக்கே கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் தரங்கம்பாடிக்குப் போனேன். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை ஃபிராங்கே நிறுவனத்தின் துணையோடு புதுப்பித்து 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். ஹாலேயிலிருந்து ஏதோ கொஞ்சம் திரும்பி வரத்தான் செய்கிறது.

பிறகு விடுதி அட்வான்ஸ் முழுதாக வந்து சேர்ந்தது. ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தியதாக மின்னஞ்சல் வந்தது. வங்கிக் கணக்கை மூடினேன், சிம்மையும் நிறுத்தினேன். மூட முடியாதது ஒன்றுதான்: 11 இலக்க வரி எண். ஒரு தடவை கொடுத்துவிட்டால் ஆயுளுக்கும் அதுதான். இறந்து 20 வருடம் வரைகூட அரசுப் பதிவேட்டில் இருக்கலாம் என்கிறது அவர்களுடைய சட்டம். ஒரே ஒரு பருவம் வந்து போன எனக்கு அங்கே அப்படி ஓர் இடம் இருக்கிறது. என் மேசையில் இருந்த காபிக் கறைக்கும் இருக்கிறது. எங்கள் கரையிலிருந்து 99 கடிதங்களை எழுதி அந்த ஊருக்கு நம்மை அறிமுகம் செய்தவர்களின் பெயர்களுக்கு அச்சில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அவர்களைத்தான் எடுத்திருக்கிறேன். கடிதங்களில் வரும் ஊர், கோயில், தொழில், சாதிக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, எந்தக் கடிதம் எந்தத் தெருவிலிருந்து போயிருக்கும் என்று தேடத் தொடங்கியாகிவிட்டது.